இல்லாத வரிசைக் குட்டிகள் கொழுத்த கதை

தெருக்கோடியில் மஞ்சள் சுவர் வைத்த பெரிய கட்டடத்தின் வாசல் பலகையில் 'நுண்சத்து ஆராய்ச்சி உயர் நிலையம்' என்றுதான் எழுதியிருக்கிறது. தெருவில் யாரைக் கேட்டாலும் எலி ஆபீஸ் என்பார்கள். உள்ளே எலிகள் மெலியும், மனிதர்கள் பட்டம் வாங்குவார்கள். எலி எவ்வளவுக்கு மெலிகிறதோ அவ்வளவுக்குப் பட்டம் பெரிது. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை, எலிகளைத் தவிர.

அந்த எலிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எலியக்காவுக்கு. கூண்டு கழுவுவது, தீவனம் வைப்பது, செத்ததை எடுத்துப் போடுவது. புருஷன் லாரியோடு போனவன், லாரியை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டான். அவன் எந்த ஊரில் யாரோடு இருக்கிறான் என்பது தெரு முழுக்கத் தெரியும். அவளிடம் சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாயில்லை. பிள்ளை குட்டி கிடையாது. ஒரே தம்பி. அவன் தவழ்கிற வயதில் அம்மா போய்விட்டதால் அவள்தான் தூக்கி வளர்த்தாள், அவள்தான் படிக்க வைத்தாள். படித்து முடித்தவன் அதே எலி ஆபீஸில் ஸ்டோர் கீப்பராக வந்து உட்கார்ந்தான். வீட்டில் அவளை "அக்கா" என்பான். ஆபீஸில் "இந்தாம்மா" என்பான். "பதவிக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?" என்று அவளே அதற்குச் சமாதானமும் சொல்லுவாள்.

அக்கா இன்னும் தற்காலிகம்தான். சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகம். எத்தனையோ எலித் தலைமுறை பிறந்து, மெலிந்து, கட்டுரையாகிப் போய்விட்டது. அவள் மட்டும் தற்காலிகமாகவே நிலைத்துவிட்டாள். புதுச் சோதனை ஆரம்பித்தபோது இயக்குநரே கூப்பிட்டுச் சொன்னார்:

"இந்த ஒரு சோதனை நல்லபடியா முடியட்டும்மா. உன்னை நிரந்தரம் பண்றேன். என் வாக்கு."

அதை அவள் தம்பியிடம் சொல்ல, அவன் கண்கூடக் கலங்கியதாகக் கேள்வி. அவனுக்கும் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. எதற்குக் கலங்கியது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

சோதனை இதுதான். துத்தநாகம் என்று ஒரு தாது. உடம்புக்குத் துளியோ துளி போதும். ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் வளருகிற உயிர் வளராது என்பது இயக்குநரின் கட்சி. குட்டி போட்ட எலிகளை இரண்டு வரிசையாகப் பிரித்தார்கள். 'இருக்கிற வரிசை'க்குத் துத்தநாகம் சேர்த்த தீவனம். 'இல்லாத வரிசை'க்கு அது அறவே எடுத்த தீவனம். இல்லாத வரிசைக் குட்டிகள் சூம்பிப் போக வேண்டும், முடி கொட்ட வேண்டும், மூச்சு மந்தமாக வேண்டும். மூச்சை அளக்கக் கண்ணாடி ஜாடிகள் இருந்தன. குட்டியை உள்ளே விட்டால் அது எவ்வளவு காற்றைச் செலவழிக்கிறது, உடம்பில் அடுப்பு எவ்வளவு எரிகிறது என்று முள் காட்டும்.

மற்ற இடங்களில் சோதனை செய்து முடிவுக்கு வருவார்களாம். நம் நிலையத்தில் இயக்குநர் முடிவுக்கு வந்துவிட்டுத்தான் சோதனை செய்வார். நேரம் மிச்சம். இந்த முடிவையும் அவர் ஏற்கெனவே வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றில் வாசித்து, கைதட்டல் வாங்கி, சால்வையோடு திரும்பியிருந்தார். இனி குட்டிகள் சூம்ப வேண்டியதுதான் பாக்கி.

தொடக்க விழாவுக்கு முந்தின வாரம் அவர் எலி அறைக்கு வந்தார். பழைய பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, ஊறுகாய்க் கடை மாதிரி? உலகமே பார்க்கப் போற சோதனை. கூண்டுன்னா முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கணும்."

தம்பி பளபளப்பு தேடிப் போனான். கொண்டுவந்தும் விட்டான்: புத்தம்புது ஜி.ஐ. கம்பிக் கூண்டுகள். இரும்புக் கம்பி, துரு பிடிக்காமலிருக்க மேலே துத்தநாக முலாம். வாளிக்கும் கூரைத் தகட்டுக்கும் பூசுகிற அதே முலாம். ஒவ்வொரு கூண்டிலும் அதே தகட்டில் இயக்குநரின் பெயரை வெட்டி மாட்டியிருந்தார்கள். அவர் தன் பெயரைத் தடவிப் பார்த்தார். குட்டிகள் கம்பியை நக்கிப் பார்த்தன. இரு தரப்புக்கும் பிடித்துப்போயிற்று.

துத்தநாகம் எந்த வழியிலும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் நிலையம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது. அக்காவின் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி போயிற்று. சேலை ஊக்கு போயிற்று. முந்தானையை முடிச்சுப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவை வாசல் காவலாளியிடம் விட்டுவிட்டுக் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்தாள். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த ஈயமோ என்னமோ, அதைப் பற்றி ஒரு முழுக் கூட்டம் நடந்தது. முடிவில், அறைக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

"கொட்டாவி வந்தா என்ன சார் பண்றது?" என்று கேட்டாள்.

"வெளியே போய் விட்டுட்டு வா" என்றார் இயக்குநர்.

இப்படிச் சுத்தபத்தமாக உள்ளே போய், வாயை மூடிக்கொண்டு, அந்தத் துத்தநாகக் கூண்டுகளைக் கழுவிவிட்டு வருவாள்.

குட்டிகள் சூம்பவில்லை.

இருக்கிற வரிசை வளர்ந்தது. இல்லாத வரிசையும் வளர்ந்தது. அதிலும் இல்லாத வரிசைக்கு வேலை வெட்டி இல்லாததால் கம்பியை நக்குவதே பிழைப்பாகி, குட்டிகள் தளதளவென்று ஆகிவிட்டன. ஜாடிக்குள் விட்டால் முள் துள்ளியது. இயக்குநர் ஜாடியை மாற்றச் சொன்னார். முள்ளை மாற்றச் சொன்னார். கடைசியில், முள்ளைப் பார்த்தவரை மாற்றினார்.

மாறி வந்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. சின்னப் பெண், உலகம் தெரியாது. நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். கூண்டு வாங்கின ரசீதில் கையெழுத்து வாங்க வந்த தம்பியும் அங்கே மேசையோரம் நின்றுகொண்டிருந்தான்.

"சார், குட்டிங்க கூண்டுக் கம்பியை நக்குது. கம்பியில பூசியிருக்கிறதே துத்தநாகம்தானே சார்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் கூண்டுல யாரோட பேரும்மா இருக்கு?"

"உங்க பேர் சார்."

"உன் ஆய்வேட்டுல யாரோட கையெழுத்து வேணும்?"

"உங்களோடது சார்."

"இப்ப சொல்லு. கம்பியில என்ன பூசியிருக்கு?"

மாணவி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலிலும் அதே கம்பி. "பெயிண்ட் மாதிரி இருக்கு சார்" என்றாள். படித்த பிள்ளை, சட்டென்று பிடித்துக்கொண்டது.

அவள் போனதும் இயக்குநர் தம்பியைப் பார்த்தார். கூண்டு வாங்கினவன் அவன், வாங்கச் சொன்னவர் இவர். அவர் ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் இயக்குநர், உறுப்பினர்கள் கணக்கு அதிகாரியும், ஓய்வு பெற்ற மீன் நிபுணர் ஒருவரும். மீன்காரர் எந்தக் குழுவிலும் இருப்பார், எந்தக் குழுவிலும் தூங்குவார். இயக்குநர் எழுந்து நின்று பேசினார்.

"வளர்ச்சிங்கிறது அனுமதி வாங்கி நடக்க வேண்டிய விஷயம். யாருக்கு அனுமதி கொடுக்கலையோ அவங்க வளர்ந்திருக்காங்க. இது அறிவியல் பிரச்சினை இல்லை, ஒழுங்குப் பிரச்சினை. உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் இந்த நிலையம் இருக்கு. கண்டுபிடிச்ச பிறகு அதை மாத்த எந்த எலிக்கும் அதிகாரம் கிடையாது."

யாரோ திருட்டுத்தனமாக ஊட்டியிருக்கிறார்கள் என்பது குழுவின் சந்தேகம். அந்த அறைக்குள் போகிறவள் ஒருத்திதான். அக்காவின் பொட்டலத்தைப் பிரித்தார்கள், முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள், நகக்கண்ணைச் சுரண்டினார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே பெரிய சந்தேகமாகிவிட்டது. பொருளாக ஊட்டவில்லை என்றால் வேறு என்னவாக ஊட்டினாள்? பாசமாக இருக்குமோ என்று கணக்கு அதிகாரி விளையாட்டாகக் கேட்டார். அந்த விளையாட்டை இயக்குநர் அப்படியே தீர்மானமாக எழுதிக்கொண்டார்.

உடனே அதையும் அளந்தார்கள். அக்காவின் முகத்தில் குழாய் வைத்த மூடியை மாட்டி மூச்சைப் பிடித்தார்கள். முதலில் சுவரைக் காட்டினார்கள். பிறகு இயக்குநரைக் காட்டினார்கள். சுவருக்கும் இயக்குநருக்கும் முள் அசையவில்லை. பிறகு குட்டிகளைக் காட்டினார்கள். முள் கொஞ்சம் ஏறியது.

"பார்த்தீங்களா!" என்றார் இயக்குநர்.

அன்றிலிருந்து அவள் குட்டிகளுக்கு முதுகு காட்டித்தான் தீவனம் வைக்க வேண்டும், அதுவும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பின்னால் கையை நீட்டித் துழாவினதில் விரலில் கடி வாங்கினாள். "ஐயோ கண்ணு" என்று வாய் தவறி வந்துவிட்டது. அதுவும் குற்றப்பத்திரிகையில் ஏறியது: கடித்த எலியைக் கண்ணு என்று விளித்தமை.

அவள் பயப்படவில்லை. "நான் ஒண்ணும் ஊட்டலை. என் தம்பிக்கு என்னைத் தெரியும். அவன் வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும்" என்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாட்சிப் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகத் தலை வாரிக்கொண்டு வந்தாள்.

தம்பி இஸ்திரிச் சட்டையோடு வந்து குழுவின் முன் நின்றான். அக்கா மேசைக்கு இந்தப் பக்கம்.

"இவங்களை எவ்வளவு காலமா தெரியும்?" என்றார் இயக்குநர்.

"பொறந்ததிலேர்ந்து சார்."

"ரகசியமா ஊட்டுற பழக்கம் உண்டா?"

தம்பி தொண்டையைச் செருமினான்.

"உண்டு சார். சின்ன வயசுலயே உண்டு. எங்க வீட்டுல சாப்பாடு எப்பவும் பத்தாது. இவங்க தன் தட்டுல பாதியை யாருக்கும் தெரியாம எனக்குத் தள்ளிடுவாங்க. கேட்டா, பசியில்லைன்னு பொய் சொல்லுவாங்க. சொத்தையா இருந்த நான் வளர்ந்ததே அப்படித்தான். சோப்ளாங்கியா ஒரு உயிரைப் பார்த்தா இவங்களால சும்மா இருக்க முடியாது சார். நானே சாட்சி."

மீன் நிபுணர்கூடக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க? இது உண்மையா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு அவள் தட்டருகே உட்கார்ந்திருந்ததெல்லாம் அவனுக்கு நினைவிருக்கிறது என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. இத்தனை வருஷத்தில் அவன் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. திறந்த இடம் இது.

"உண்மைதான் சார்" என்றாள்.

'அங்கீகாரமற்ற பாசம்' என்று காரணம் போட்டு அவளை அனுப்பினார்கள். தற்காலிகம் என்பதால் அனுப்புவதும் சுலபம். வாசலில் மூக்குத்தியையும் சாப்பாட்டு டப்பாவையும் காவலாளி திருப்பிக் கொடுத்தான். தெரு கொதித்தது, அவள் கொதிக்கவில்லை. "அவன் மனசறிஞ்சு பொய் சொல்லலையே. நெசமாவே நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நம்பிட்டான் பாவம்" என்றாள். லாட்ஜ் ஒன்றுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினாள்.

அப்புறம்தான் நிலையம் புகழ் பெற்றது. எலி வளர்ந்த அவமானத்தை இயக்குநர் அப்படியே திருப்பிப் போட்டு, 'பாசம் ஒரு நுண்சத்தே' என்று கட்டுரை எழுதிவிட்டார். கண்ணுக்குத் தெரியாது, துளி போதும், கூடினால் விஷம். ஆகவே இதுவும் துத்தநாகத்தின் சாதி. விருது வந்தது. பத்திரிகையில் படம் வந்தது, ஒரு குட்டியும் இயக்குநரும். டீக்கடைக்காரர் அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார்.

"உன்னையும் போட்டிருக்காங்க அக்கா. பேர் இல்லை. 'பராமரிப்புக் காரணி'ன்னு இருக்கு பாரு."

அக்கா அந்தக் குட்டியின் படத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனது போனதுதான். ஆனால் ஒன்றுமில்லாத தீவனத்தைத் தின்றுவிட்டு, தன்னால், தன் முதுகைப் பார்த்தே அவை வளர்ந்திருக்கின்றன. அன்றைக்கு அவள் இரண்டு உறை கூடுதலாகத் தைத்தாள் என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

கட்டுரையை உறுதிப்படுத்த அடுத்த சோதனை வேண்டும். பாசமே இல்லாத ஒருவர் வளர்த்தால் இல்லாத வரிசை சூம்பும். சூம்பினால் இயக்குநரின் பழைய முடிவும் சரி, புது முடிவும் சரி. ஆள் எடுப்பு நடந்தது. வந்தவர்களுக்கு ஒரு குட்டியைக் காட்டினார்கள். 'ஐயோ பாவம்' என்றவர்கள் வெளியே. சிரித்தவர்கள் வெளியே. கடன் வசூலிக்கிற ஆள் ஒருவர் கடைசிச் சுற்றுவரை வந்து, குட்டி கொட்டாவி விட்டதைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டார். கடைசியில் இயக்குநரே மேசையைத் தட்டினார்.

"ஊரெல்லாம் எதுக்குத் தேடணும்? வெண்ணெயை வெச்சிக்கிட்டு நெய்க்கு அலையறோம். தூக்கி வளர்த்த அக்காவையே இந்த மேசை முன்னால வெச்சு சாட்சி சொன்ன மனுஷன் நம்மகிட்டயே இருக்கார். குரல் நடுங்கலை, கண் கலங்கலை. இந்தத் தகுதியை எந்தப் பல்கலைக்கழகத்துல குடுப்பாங்க?"

தம்பிக்கு எலிப் பராமரிப்பு அதிகாரி என்று புதுப் பதவி. அக்காவுக்கென்று வைத்திருந்த நிரந்தரம் அவனுக்குப் போனது. இடம் காலியாகக் கிடக்க வேண்டாமே.

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தீவனம் வைத்தான். திட்டிக்கொண்டே கூண்டு கழுவினான். எலி என்றாலே அவனுக்கு உடம்பு கூசும். இல்லாத வரிசைக் குட்டிகளோ கம்பியை நக்கின, இயக்குநரின் பெயரில் முதலெழுத்தை நக்கியே மழுங்கடித்தன, ஜாடியின் வாயில் நுழையாத அளவுக்குக் கொழுத்தன. ஒன்றை உள்ளே திணித்துவிட்டு வெளியே எடுக்க ஜாடியை உடைக்க வேண்டியதாயிற்று.

குழு மறுபடி கூடியது. இந்த ஆள் ரகசியமாகப் பாசம் வைத்திருக்கிறான் என்பது இந்த முறை சந்தேகம்.

அப்போதுதான் தம்பி அக்கா வீட்டுப் படியேறினான். அவள் தையல் மெஷினில் இருந்தாள்.

"அக்கா, நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"உட்காரு. என்ன வார்த்தை?"

"எனக்குப் பாசமே கிடையாதுன்னு. உன் வாயால சொன்னாத்தான் நம்புவாங்க. நான் உனக்குப் பண்ணதையே சொல்லு, போதும். வேலை போயிடும்க்கா. வீட்டுக்கு முன்பணம் கட்டிட்டேன்."

அக்காவுக்கு மனசு இளகியது. இளகுகிற மனசுதானே.

"ஏண்டா, குட்டிங்க வளர்ந்தா நல்லதுதானே? உன் கையிலயும் ராசி இருக்கு போல."

"ராசியாவது, பாசமாவது! நீ வேற ஏன்க்கா! எல்லாம் அந்தக் கூண்டு பண்ற வேலை. கம்பி பூரா துத்தநாகம். அதை நக்கித்தான் கொழுக்குது. நீ இருந்தப்பவும் அதான், நான் இருக்கறப்பவும் அதான். அந்தப் பொண்ணு வந்து சொன்னப்போ நான் அங்கதான் நின்னேன்."

மெஷின் நின்றது.

"எப்ப சொல்லுச்சு?"

"அதான், உன் விசாரணைக்கு முன்னாடி."

"அப்பவே உனக்குத் தெரியும்."

"வாங்கினது நான்க்கா. வெளிய வந்தா என் கழுத்துல இல்ல விழும்? உனக்கு எப்பவும் தற்காலிகம்தானேன்னு..."

அக்கா ஊசியிலிருந்து நூலை அறுத்தாள். உறையை மடித்து வைத்தாள். வேலையும் போய், கடைசியில் 'என்னால வளர்ந்துச்சுங்க' என்று ஒன்று மிச்சமிருந்ததே, அதையும் கம்பி நக்கிக்கொண்டு போய்விட்டது.

"எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

"நாளைக்கு. வருவியா?"

"நீ கேட்டு நான் எதை இல்லைன்னிருக்கேன்?"

மறுநாள் அதே அறை, அதே மேசை, அதே தூக்கம். தம்பி கைகட்டி நின்றான்.

"இவரை எவ்வளவு காலமா தெரியும்?"

"பொறந்ததிலேர்ந்து சார்."

"இவருக்குப் பாசம் உண்டா, கிடையாதா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒருத்தரோட வேலை சம்பந்தப்பட்டது."

தம்பி அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான், சொல்லு சொல்லு என்று.

"பாசத்துக்குன்னே பொறந்தவன் சார்" என்றாள் அக்கா. "அவனை மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததில்லை. எனக்கொரு தலைவலின்னா துடிச்சுப் போவான். அன்னைக்கு இங்க வந்து எனக்கு எதிரா சொன்னான் பாருங்க, வீட்டுக்கு வந்து மூணு நாள் சாப்பிடலை. சோப்ளாங்கியா ஒரு உயிரைப் பார்த்தா அவனால சும்மா இருக்க முடியாது. என் வளர்ப்பு சார். நானே சாட்சி."

"பொய்! சார், பொய் சார்! எனக்கு இவங்க மேல எந்தப் பாசமும் கிடையாது!" என்று தம்பி கத்தினான்.

"பாருங்க, எவ்வளவு உணர்ச்சிவசப்படறார்" என்றார் கணக்கு அதிகாரி.

"அது கூண்டு சார்! கூண்டுல..." என்று ஆரம்பித்தவன் இயக்குநரின் கண்ணைப் பார்த்தான். கூண்டு வாங்கின ரசீதில் தன் கையெழுத்தும் இருப்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

அங்கீகாரமற்ற பாசம். அதே காரணம், அதே தாள். நிரந்தரம் பண்ணினவனை அனுப்பக் கொஞ்சம் கூடுதலாக முத்திரை குத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த சோதனைக்கு எந்தத் தவறும் நேரக் கூடாதென்று இயக்குநர் முன்னெச்சரிக்கையாக ஓர் ஆணை போட்டார்: அக்கா தம்பி இருவரும் அடுத்தடுத்துப் புழங்கியதில் அவர்களின் பாசம் கூண்டுகளில் ஒட்டியிருக்கக்கூடும், ஆகவே எல்லாக் கூண்டுகளுக்கும் புதிதாக, கனமாக, துத்தநாக முலாம் பூசப்பட வேண்டும். பெயர்த் தகடுகளுக்கும் சேர்த்து.

வேலை போன அன்றே மத்தியானம் அக்கா வீட்டில் தட்டு போட்டு உட்கார்ந்த நேரத்துக்குத் தம்பி வந்து வாசலில் நின்றான். காலையிலிருந்து சாப்பிடாத முகம்.

"ஏன்க்கா இப்படிப் பண்ண?"

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதித் தட்டு ஆனதும் கை தானாக நின்றது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம், அந்த இடத்துக்கு வந்தால் நிற்கும். அவன் அதைப் பார்த்தான். செருப்பைக் கழற்றப் போனான்.

அக்கா தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள். மிச்சப் பாதியையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். தட்டை வழித்து, எழுந்து போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பசிடா" என்றாள். அவள் அப்படிச் சொல்லித் தெருவில் ஒருத்தரும் கேட்டதில்லை.